வெட்டுண்ட அடிமரமும் கலைஞன் கையும்

மரம் எது, புல் எது என்னும் வினாவுக்குத் தொல்காப்பிய மரபியல் விடை கூறுகின்றது. புறத்தே வைரம் உடையன புல் எனவும், அகத்தே வைரம் உடையன மரம் எனவும் முன்னையோர் கூற்றாகத் தொல்காப்பியர் எடுத்துரைக்கின்றார். புறக்காழ், அகக்காழ் என்னும் இவ்விரு சொற்களையும் வகுப்பில் விளக்கும் ஆசிரியர் எவரும் மாணவரிடையே ஒரு சிரிப்பை எதிர்பார்த்தே விளக்குவர். தென்னையும் பனையும் மரமல்ல, புல்லே என்றால் இளைஞர் சிரிக்காமல் என்ன செய்வர்? ஆனால், தச்சுப் பட்டறையில் நிற்பவன் சிரிக்க மாட்டான். இருபத்தைந்து ஆண்டு வளர்ந்து காய்த்து ஓய்ந்த செம்பனையை வெட்டிச் சாய்த்தால், வெளியே வன்மையும் உள்ளே ஈரம் நிறைந்த நார்ச்சோறுமாகக் கிடக்கும். அதன் அடிப்பகுதியைக் கொண்டு ஒரு முக்காலி செய்ய முயல்வோன், அது உலரும் முன்பே தன் முயற்சியைக் கைவிடுவான். தேக்கின் அடிமரமோ நூறாண்டு அமர்ந்தாலும் அசையாது. இலக்கணம் வகுத்த பிரிவு, உளி பிடித்தவன் கையிலும் உண்மையாகவே நிற்கின்றது.

அகக்காழ் மிகுந்த மரங்களின் தூரை, அதாவது வெட்டிய பின் நிலத்தில் எஞ்சும் அடிக்கட்டையைச் சங்கிலி ரம்பத்தால் அறுத்தும் குடைந்தும் மேசையாகவும் இருக்கையாகவும் ஆக்கும் கலையே இக்கட்டுரையின் பொருள். நம் நாட்டு விடுதிகளின் முகப்பறைகளிலும் கடற்கரை உல்லாச இல்லங்களிலும் இத்தகைய தளவாடங்களைப் பலரும் கண்டிருப்பர். ஜாவாத் தீவின் தேக்குத் தோட்டங்களில் மரம் வெட்டப்பட்டபின் தோண்டியெடுக்கப்படும் தூர்களே பெரும்பாலும் அவ்வாறு நாற்காலியாகவும் தாழ்மேசையாகவும் உருமாறிக் கப்பலேறுகின்றன. (‘டீக்’ என்று உலகம் அழைக்கும் பெயரே தேக்கு என்னும் நம் சொல்லிலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியே சென்றது என்பதை மாணவர்க்கு நினைவூட்டலாம்.) அவற்றைக் காண்போர் கூறும் பாராட்டு எங்கும் ஒன்றாகவே இருக்கின்றது. ‘இயற்கையே செய்த நாற்காலி’ என்பர். ‘மனிதன் கை படாத அழகு’ என்பர். இப்பாராட்டு உண்மைதானா என்பதே திறனாய்வாளன் கேட்க வேண்டிய வினா. மனிதன் கை படாத மரத்தூர் காட்டில் கறையான் அரித்துக் கிடக்கும். விடுதிக்கு வந்து சேராது. வந்து சேர்ந்தது எனின் ஒரு கை பட்டிருக்கின்றது. அந்தக் கை என்ன செய்தது, எதைச் செய்யாது விட்டது, விட்டதை ஏன் விட்டது என்று ஆராய்வதே திறனாய்வு.

இவ்வாராய்ச்சிக்கு ஜாவாவைவிட அமெரிக்காவின் கலிபோர்னியாக் கடற்கரை ஏற்ற இடம். அங்குத்தான் இக்கலை பெயரும் முகமும் உடைய ஒரு கலைஞனின் கையில் முதிர்ந்தது. அங்கு வளரும் ரெட்வுட் மரத்தை நம் செம்மரத்தோடு குழப்பிக்கொள்ளலாகாது. இது ஊசியிலை இனத்தது. உலகின் மிக உயர்ந்த மரம் இவ்வினத்தைச் சேர்ந்ததே. 115 மீட்டருக்கும் மேற்பட்ட உயரம் உடையது. இரண்டாயிரம் ஆண்டுகளைக் கடந்து வாழ்ந்தவையும் இவற்றுள் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தங்கம் தேடி மக்கள் அங்குக் குவிந்த காலந்தொட்டு இம்மரங்கள் வெட்டப்பட்டன. சான் பிரான்சிஸ்கோ நகரின் வீடுகள் இம்மரத்தால் எழுந்தன. 1906ஆம் ஆண்டு நிலநடுக்கத்திலும் தீயிலும் அந்நகர் அழிந்தபோது மீண்டும் கட்டவும் இம்மரமே வேண்டியதாயிற்று. ஒரு காலத்தில் ஏறத்தாழ இருபது இலட்சம் ஏக்கரில் பரவியிருந்த தொல்காட்டில் இன்று நூற்றில் ஐந்து பங்கே எஞ்சியுள்ளது.

அக்காலத்து மரவெட்டிகள் நிலத்தை ஒட்டி வெட்டவில்லை. ரெட்வுட்டின் அடி யானைக்கால்போல் பருத்து விரிந்திருக்கும். அவ்விடத்தில் நாரும் ரேகையும் முறுக்கிக்கொண்டு கிடப்பதால் நேரான பலகை கிட்டாது. ஆகவே தண்டில் குழி வெட்டி, அதிற் பலகை செருகி, ஆள் உயரத்திற்கு மேல் நின்றுகொண்டு கோடரியாலும் நீண்ட கைவாளாலும் அறுத்தனர். பருத்த அடியைப் பயனற்றதென விட்டுச் சென்றனர். ரெட்வுட்டின் வைரத்தில் துவர்ப்புச் சத்து மிகுதி. பூச்சியும் பூஞ்சையும் எளிதில் அணுகா. எனவே அத்தூர்கள் நூறாண்டு கழிந்தும் உள்ளே உறுதியுடன் நின்றன. ஆகவே இக்கலைக்குரிய மூலப்பொருள் இயற்கை தந்த கொடை என்று கூறிவிடுதல் பொருந்தாது. அஃது ஒரு பேரழிவின் மிச்சம். இதனை மறந்து எழுதப்படும் பாராட்டுரை எதுவும் பாதியுரையே.

கருவியையும் சிறிது நோக்குவோம். சங்கிலி ரம்பம் பட்டறையிற் பிறந்த கருவியன்று. காட்டில் மரம் வீழ்த்தப் பிறந்தது. இன்று நாம் காணும் சங்கிலியின் பல்லமைப்பை வகுத்தவர் ஜோசப் காக்ஸ் என்னும் அமெரிக்கர். மரத்தைத் துளைக்கும் வண்டின் புழு, நாரின் குறுக்கிலும் நெடுக்கிலும் ஒன்றுபோல் அரித்துச் செல்வதைக் கண்டு, அப்புழுவின் தாடையைப் போலவே பல்லை வளைத்து 1947ஆம் ஆண்டில் அவர் தம் சங்கிலியை விற்கத் தொடங்கினார். பூச்சியிடம் பாடம் கேட்ட இந்நிகழ்ச்சியைப் படிக்கும்தோறும் எனக்கு வியப்பே மேலிடுகின்றது. அச்சங்கிலி நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் வேகத்தில் ஓடுகின்றது. அதன் தகட்டு நுனியின் மேற்பகுதி மரத்தில் மோதினால் முழுக் கருவியும் பிடித்தவன் முகத்தை நோக்கித் துள்ளி எழும். மரத்தின் குறுக்கே அறுக்கப் பல்லை ஒரு கோணத்திலும், நெடுக்கே அறுக்க வேறு கோணத்திலும் தீட்டவேண்டும். தூரிலோ குறுக்கு எது, நெடுக்கு எது என்றே சொல்ல முடியாது. வேர் பிரியும் இடந்தோறும் ரேகை திசை மாறும். வேரிடுக்கில் மரம் விழுங்கி வைத்த கல்லும் மணலும் ஒரு நொடியிற் பல்லை மழுக்கிவிடும். உளி கொண்டு ஒரு நாள் சிந்தித்துச் செய்யும் பிழையை இக்கருவி இமைப்பொழுதிற் செய்துவிடும். இவ்வளவு முரட்டுக் கருவியால் நுண்மை கூடுமா என ஐயுறுவார்க்கு விடையாக நிற்பவரே ஜே. பி. பிளங்க்.

ஜேம்ஸ் பிளெய்ன் பிளங்க் 1926இல் பிறந்து 2002இல் மறைந்தவர். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மட்பாண்டக் கலை பயின்றார். கொரியப் போரின்போது படையிற் சேர்ந்தது, அவ்வழியாக ஜப்பான் செல்லும் வாய்ப்பை அவருக்குத் தந்தது. டோக்கியோவில் நாட்டுப்புறக் கைவினைப் பொருள் விற்கும் கடையொன்றில் சிற்பி இசாமு நொகுச்சியை எதிர்பாராது சந்தித்தார். அச்சந்திப்பின் பயனாக முதலில் ரொசாஞ்சின் என்னும் மட்பாண்டக் கலைஞரிடமும், பின்னர் பிசென் ஊரின் கனேஷிகே தோயோவிடமும் பணியாளாய் இருந்து தொழில் கற்றார். பிசென் மட்கலங்களுக்கு மேற்பூச்சு இல்லை. சூளையில் விறகுச் சாம்பல் படிவதும் தீ நக்குவதுமே அவற்றின் நிறமும் கோலமும். தீ தன் விருப்பப்படி எழுதுகின்றது என்று தோன்றும். ஆனால், கலத்தைச் சூளையின் எம்மூலையில், எப்பக்கம் சாய்த்து வைப்பது என்பதைக் குயவனே முடிவு செய்கின்றான். தற்செயலுக்கு இடம் ஒதுக்கித் தருவதும் ஒரு தொழில்நுட்பமே என்பதைப் பிளங்க் அங்குக் கற்றார். மரத்தைத் தொட்டபோதும் அவர் மறவாத பாடம் இதுவே.

நாடு திரும்பியபின் கலிபோர்னியாவின் இன்வெர்னெஸ் என்னும் சிற்றூரில், ஓவியர் கார்டன் ஆன்ஸ்லோ ஃபோர்டு அளித்த நிலத்தில், கரையொதுங்கிய மரங்களையும் பழைய மரங்களையும் கொண்டு தம் வீட்டைத் தாமே கட்டினார். 1960களில் சங்கிலி ரம்பத்தைச் சிற்பக் கருவியாகக் கைக்கொண்டார். 1969ஆம் ஆண்டில் ஓக்லண்டு அருங்காட்சியகத்திற்காக அவர் ஆக்கிய ‘கோள்’ என்னும் படைப்பு இவ்வகையில் தலையாயது. ஏறத்தாழ 13 அடி குறுக்களவுள்ள ரெட்வுட் அடிமரம் ஒன்றையே முழுவதுமாகக் குடைந்து செய்யப்பட்டது அது. மலையும் பள்ளமும் கணவாயும் உடைய நிலப்பரப்புப்போல் கிடக்கும் அதில் மக்கள் அமரலாம். குழந்தைகள் ஏறி விளையாடலாம். ‘தொடாதீர்’ என்று எச்சரிக்கும் அருங்காட்சியகத்துக்குள் தொடுவதற்கென்றே ஒரு பொருளை வைத்தது அந்நாளில் துணிச்சலான செயல்.

இப்படைப்பை நோக்கி, ‘மரம் தானே தன் வடிவைச் சொல்லிற்று’ எனப் பாராட்டுவோர் பலர். நான் அக்கருத்தினன் அல்லேன். ‘கோள்’ என்பதைக் கூர்ந்து நோக்கினால் மரம் சொன்னதும் கலைஞன் மறுத்துரைத்ததும் அடுத்தடுத்து நிற்பதைக் காணலாம். ஓரிடத்தில் தூரின் பழைய மேற்பரப்பு, காய்ப்பேறிய தோல்போல் விடப்பட்டிருக்கின்றது. அதை ஒட்டியே, மரம் ஒருபோதும் தானாக அடைந்திராத வழவழப்பான குழிவு. இயற்கையில் ரெட்வுட்டின் உட்புறம் வெளிச்சம் காண்பதில்லை. மின்னலோ தீயோ பிளந்தாலன்றி அஃது இருளிலேயே இருக்கும். பிளங்க் அவ்விருட்டினுள் வாசல் திறக்கின்றார். இது கீழ்ப்படிதல் ஆகாது. ஆயினும் அதனை அத்துமீறல் என்றும் நான் கூறேன். இரண்டுக்கும் நடுவில், மரத்தோடு எதிருரையாடும் ஒரு நிலை அது. முரட்டுக் கருவியின் பயன் இங்கே விளங்குகின்றது. உளியால் தொடங்கியிருந்தால் தூரின் பெருமைக்கு முன் அஞ்சி, அதன் தோலைச் சுற்றியே செதுக்கிக் கொண்டிருக்க நேரும். சங்கிலி ரம்பம் அவரை ஒரே வீச்சில் உள்ளே கொண்டு செலுத்திற்று. பின்னரே உளியும் தேய்ப்பும் வந்தன.

சான் பிரான்சிஸ்கோவில் ஜென் மையத்தார் 1979இல் தொடங்கிய ‘கிரீன்ஸ்’ என்னும் சைவ உணவகத்துக்காகவும் பெருந்தூர் ஒன்றிலிருந்து அவர் இருக்கைகளும் மேசைகளும் ஆக்கினார். அழகானவைதாம். எனினும் ஒரு குறையைக் கூறாதிருத்தல் நேர்மையன்று. பிளங்க்கின் பெரும் படைப்புகள் தளவாடம் என்னும் பெயருக்குரிய கடமையைப் பலவிடத்தும் தட்டிக் கழிக்கின்றன. நாற்காலி என்பது அமர்பவன் உடலுக்கும் அவன் முன்னுள்ள மேசைக்கும் அறையின் அளவுக்கும் கட்டுப்பட்டது. வேண்டின் ஒருவன் தூக்கி நகர்த்தவும் கூடியது. இவையோ நகர மறுக்கின்றன. வந்தவர் தம் உடலை இவற்றின் பள்ளங்களுக்குத் தக வளைத்துக்கொள்ள வேண்டும். சிற்பத்துக்குரிய இறுமாப்பு இது. இருக்கைக்கு இருக்கவேண்டிய பணிவு இதில் குறைவு.

அப்பணிவை நாடுவோர் ஜார்ஜ் நகஷிமாவை நோக்கவேண்டும். தமிழ் வாசகர்க்கு அவரை அறிந்துகொள்ள மற்றொரு காரணமும் உண்டு. 1905இல் அமெரிக்காவில் ஜப்பானியப் பெற்றோர்க்குப் பிறந்து கட்டடக்கலை பயின்ற இவர், டோக்கியோவில் அந்தோனின் ரேமண்டின் அலுவலகத்தில் பணியாற்றினார். அவ்வலுவலகம் ஏற்ற பணியின் பொருட்டு 1937இல் புதுச்சேரி வந்தார். அரவிந்தர் ஆசிரமத்தின் ‘கோல்கொண்டா’ விடுதிக் கட்டடப் பணியை மேற்பார்த்த அவர் அங்கேயே சாதகராகவும் ஆனார், சம்பளத்தை மறுத்தார். ‘சுந்தரானந்தா’ என்னும் பெயரை அரவிந்தர் அவருக்குச் சூட்டினார். அழகில் இன்புறுபவன் என்பது அதன் பொருள். அக்கட்டடத்தின் காற்றோட்டமான திறப்புகளும் தேக்குக் கதவுகளும் எளிமையும் அவர் பிற்காலத் தளவாடங்களின் முன்னோடிகள் எனலாம்.

1942இல், போர்க்காலத்தில், ஜப்பானிய வழியினர் என்பதனாலேயே அமெரிக்க அரசு அவரையும் மனைவியையும் கைக்குழந்தையையும் ஐடஹோ மாநிலத்து மினிடோகா முகாமில் அடைத்தது. அங்கு ஜப்பானில் தச்சு பயின்ற ஜென்டாரோ ஹிகோகவா என்னும் முதிய கைவினைஞரைச் சந்தித்தார். கழிவுப் பலகைகளையும் பாலைநிலத்தில் கிடைத்த கட்டைகளையும் கொண்டு இருவரும் முகாமின் வெற்றறைகளைக் குடியிருப்பாக்க முயன்றனர். ஜப்பானியக் கருவிகளையும் பொருத்து முறைகளையும் நகஷிமா முறையாகக் கற்றது முள்வேலிக்குள்ளேதான். 1943இல் ரேமண்டின் உதவியால் விடுதலை பெற்றுப் பென்சில்வேனியாவின் நியூ ஹோப் ஊரிற் குடியேறி, 1990இல் மறையும் வரை அங்கேயே பட்டறை நடத்தினார். 1981இல் வெளிவந்த அவர் நூலின் பெயர் ‘மரத்தின் ஆன்மா’ எனப் பொருள்படும்.

நகஷிமா செய்த புதுமை, பலகையின் ஓரத்தை நேராக அறுக்காமல் மரத்தின் புறவளைவையே ஓரமாக விட்டது. விரிசல் கண்ட பலகையையும் அவர் ஒதுக்கவில்லை. விரிசலின் குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவில் வன்மரத் துண்டுகளைப் பதித்து, விரிசலை மூடாமலேயே அதன் ஓட்டத்தை நிறுத்தினார். இதன் அருமையை உணர, மரம் ஏன் வெடிக்கின்றது என்பதை அறியவேண்டும். உலரும் மரம் எப்பக்கமும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. ரெட்வுட் போன்ற அமைதியான மரமே நடுவிலிருந்து வெளிநோக்கி நூற்றுக்கு 2.6 பங்கும், வளையத்தை ஒட்டி 4.4 பங்கும் சுருங்கும். சுற்றளவு குறைய விரும்புகின்றது. ஆரம் அந்த அளவுக்கு இடம்கொடுக்க மறுக்கின்றது. இவ்விரண்டின் பிணக்கே வட்டக் கட்டையில் ஆப்பு வடிவில் பிளக்கும் வெடிப்பு. எந்தத் தூரும் இதற்கு விலக்கன்று. சந்தைத் தளவாடக்காரர் அவ்வெடிப்பில் மரத்தூளையும் பசையையும், இக்காலத்தில் வண்ணப் பிசினையும் ஊற்றி மறைப்பர். நகஷிமாவோ அதனை மரத்தின் வரலாறாகக் கொண்டு வாசகன் பார்வைக்கு வைத்தார். ஆம், வாசகன் என்றே எழுதினேன், திருத்த விருப்பமில்லை.

ஆயினும் ‘ஆன்மா’ என்னும் சொல்லை நான் ஐயத்தோடே அணுகுகின்றேன். மரத்தின் ஆன்மா வெளிப்படத் தாம் வழிவிடுபவர் மட்டுமே என்பது நகஷிமா தம்மைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணம். அவர் படைப்புகள் அவ்வெண்ணத்தை முழுதும் ஏற்கவில்லை. ‘கோனாய்டு’ எனப் பெயரிய அவருடைய நீளிருக்கையை எடுத்துக்கொள்வோம். அமரும் பலகை மரத்தின் வளைவைப் பின்பற்றி அகன்றும் ஒடுங்கியும் ஓடுகின்றது. முதுகுச் சாய்வோ, அளந்தெடுத்த இடைவெளியில் அணிவகுத்து நிற்கும் நேரான கம்புகளால் ஆனது. அக்கம்புகளை நீக்கிவிட்டு நோக்குங்கள். எஞ்சுவது மரக்கடையிற் கிடக்கும் ஒரு பலகை. கம்புகளின் ஒழுங்கே பலகையின் ஒழுங்கின்மையை அழகாக்குகின்றது. கட்டடக் கலைஞனின் கணக்கு அங்கு மறைந்து நின்று பணிபுரிகின்றது. ஆன்மாவைப் புகழ்ந்தவர் கணக்கைப் பற்றிக் குறைவாகவே பேசினார். கலைஞர்கள் தம்மைப் பற்றிச் சொல்வதை முழுதும் நம்பிவிடுதல் திறனாய்வாளனுக்கு அழகன்று.

எனவே பிளங்க்கை ‘முரடர்’ எனவும் நகஷிமாவை ‘மென்மையாளர்’ எனவும் பிரித்துவிடும் எளிய ஒப்பீடு பயன்படாது. ஒருவர் மரத்தோடு வெளிப்படையாக வாதிட்டார். மற்றவர் அவ்வாதத்தை மறைத்து, மரமே வென்றதுபோல் காட்டினார். எனக்கு முன்னவரின் வெளிப்படை பிடிக்கின்றது; அமர்வதற்கு ஓர் இடம் கேட்டால் பின்னவரிடமே செல்வேன்.

இவர்களைப் பின்பற்றியோர் நிலை வேறு. தூரைத் தோண்டி, மண் கழுவி, மேலே தட்டையாக ஒரு வெட்டு வெட்டி, கண்ணாடிபோல் மெருகெண்ணெய் பூசி, ‘இயற்கைக் கலை’ எனப் பெயரிட்டு விற்கின்றனர். வேரின் முறுக்கு விந்தையானதுதான். அவ்விந்தையில் செய்தவன் பங்கு யாதொன்றும் இல்லை. மனிதக் கை எதையும் தேர்ந்தெடாத இடத்தில் நாம் பாராட்டுவது பொருளின் அளவையே. பெரிய தூர் எனின் பெரிய வியப்பு, அவ்வளவே.

அளவின்மேல் கொண்ட இவ்வாசை எங்குக் கொண்டுவிடும் என்பதற்கும் கலிபோர்னியாவே சான்று. ரெட்வுட்டின் அடியில் பெரிய முண்டுகள் திரள்வதுண்டு. புறத்தே கழலைபோல் தோன்றும் அவற்றினுள் உறங்கும் மொட்டுகள் எண்ணற்றவை. மரம் வீழ்ந்தாலும் எரிந்தாலும் அம்மொட்டுகள் விழித்துப் புதுத் தளிராக எழும். முண்டின் ரேகை சுழியும் புள்ளியுமாய் மயக்கும் கோலம் உடையதாகலின் மேசைப் பலகைக்கு மிகுந்த விலை பெறும். இதனால் இரவில் காட்டுக்குட் புகுந்து, உயிருள்ள மரத்தின் அடியிலிருந்தே முண்டுகளைச் சங்கிலி ரம்பத்தால் அறுத்துச் செல்லும் திருட்டுப் பெருகிற்று. 1968இல் தேசியப் பூங்காவாகக் காக்கப்பட்ட காட்டிலேயே இது நிகழ்ந்தது. 2014ஆம் ஆண்டில் அங்குள்ள நியூட்டன் டிரூரி சாலையை இரவுதோறும் அடைக்கும் நிலை ஏற்பட்டது. பழைய அழிவின் மிச்சத்தைக் கொண்டு கலை செய்தார் பிளங்க். அக்கலையின் நிழலில் எழுந்த சந்தையோ மிச்சம் தீர்ந்தபின் புதிய அழிவைத் தேடிற்று. இதற்குப் பிளங்க்கைக் குற்றம் சாட்டுதல் முறையன்று. ஆனால், ‘இயற்கை’ என்னும் சொல்லை விலைச்சீட்டில் எழுதும் வணிகரையும், அதனை அவ்வாறே திருப்பி எழுதும் நம்போன்ற கட்டுரையாளரையும் சாடாது விடவும் இயலவில்லை.

இங்கு நம் எழுத்துலகை நோக்கி ஒரு சொல். ‘மண்மணம்’ என்று நாம் போற்றும் பண்புக்கும் இத்தூர்த் தளவாடத்துக்கும் உறவு உண்டு. தோட்டப்புறப் பேச்சை அப்படியே காகிதத்தில் இறக்கிவைத்தால் கதை ஆகிவிடும் என்னும் நம்பிக்கை நம்மிடையே இன்றும் உலவுகின்றது. மண் கழுவி மெருகெண்ணெய் பூசிய தூர்தான் அதுவும். லயத்துத் திண்ணையின் பேச்சில் முறுக்கும் முண்டும் எத்தனை இல்லை! அதை எங்கே அறுப்பது, எங்கே அறுக்காமல் விடுவது, எந்த நேர்கோட்டின் பக்கத்தில் அதை நிறுத்துவது என்று தேர்ந்தெடுக்கும் கை தேவை. மாணவர் எழுதும் சிறுகதைகளைத் திருத்தும் ஆசிரியர், பேச்சு வழக்கைச் சிவப்பு மையால் அடிப்பதற்கு முன்னும், ‘மிக இயல்பு’ என்று மதிப்பெண் வழங்குவதற்கு முன்னும் இதனைச் சிறிது எண்ணிப் பார்க்கலாம்.

நம் நாட்டுக் காட்டிலும் தோட்டத்திலும் மரத்தூருக்குக் குறைவில்லை. இருந்தும், பெரும்பாலான நம் முன்னோர் வாழ்வோடு பிணைந்த பால்மரத்தின் தூர் எவர் வீட்டு முகப்பிலும் இருக்கையாக அமரவில்லை. அதற்குக் காரணங்கள் உள. பால்மரத்துக்குத் தேக்கைப்போன்ற வைரம் இல்லை. வெட்டிய சில நாளில் நீலப் பூஞ்சையும் துளைக்கும் வண்டும் புகுந்துவிடும். மறுநடவு செய்யும்போது பழைய தூரை நிலத்தில் விட்டால் வெள்ளை வேர் நோய் அதிற் குடியேறி இளங்கன்றுகளைத் தாக்கும். ஆகவே தோண்டி அகற்றுதலோ நஞ்சிட்டு அழித்தலோ தோட்டத்து வழக்கம். பல காலம் பால்மரம் வெறும் விறகாகவே எரிந்தது. போரான் உப்புக் கரைசலில் பதப்படுத்தி வெப்ப அறையில் உலர்த்தும் முறை பரவிய பின்னரே, 1980கள் தொட்டு, அது தளவாடத் தொழிலின் பெரும்பொருளாயிற்று. ஜோகூரின் மூவார் வட்டாரம் இத்தொழிலால் பெயர்பெற்றது. அங்கே மரம் சிறு துண்டுகளாக அறுக்கப்பட்டு, பல்லோடு பல் பொருத்தி ஒட்டப்பட்டு, எந்த மரத்தின் எப்பகுதி என்று எவரும் அறியாதபடி பலகையாகி உலகெங்கும் செல்கின்றது. ரெட்வுட் தூர் தன் தனிமுகத்தைக் காட்டி விலை பெறுகின்றது. பால்மரம் முகமிழந்து விலை பெறுகின்றது.

பால்மரத்தின் கீழ்த்தண்டில், மனிதன் கைக்கு எட்டும் உயரம் வரை, ஒரு வெட்டு முகம் உண்டு. இருபத்தைந்து முப்பது ஆண்டு விடியல்தோறும் கத்தி மெல்லியதாய்ச் சீவிச் சென்ற சரிவு அது. பழகாத கை ஆழமாக வெட்டிய இடத்தில் மரம் புண்பட்டு, மேடும் முண்டுமாக ஆறியிருக்கும். பால் வெட்டுத் தொழிலாளர் அம்மரத்தைக் கண்டால், அந்நிரையில் வெட்டியவர் தேர்ந்தவரா புதியவரா என்று கூறிவிடுவர். ஆலைக்குச் செல்லும்போது முதலில் நீங்குவது அப்பட்டையும் மேடுமே. பலகைக்கு அவை உதவா. நகஷிமா விரிசலை விட்டதுபோல், பிளங்க் பழந்தோலை விட்டதுபோல், அவ்வடுவை அறுக்காமல் விட்டு, நம்மவர் ஒருவர் பதப்படுத்திய பால்மரத் தூரில் ஓர் இருக்கை செய்தால் அஃது அழகாக அமையுமா என்று உறுதி கூற இயலாது. அதில் அமரப் பலர் தயங்கவும் கூடும். நான் ஒருமுறை ஒரு தச்சரிடம் இவ்வெண்ணத்தைச் சொன்னேன். அவர் சிறிது யோசித்து, “செய்யலாம் ஐயா, ஆனா மரம் வெட்டுன அன்னைக்கே மருந்துல போடணும், மறுநாள்னா பூச்சி வந்துரும்” என்றார்.